ஊரை விட்டுவிட்டு வெளிநாடு போன ஓங்-பாக்

ஓங்-பாக் என்கிற தாய்லாந்துச் சண்டைப் படத்தில் டுக்-டுக் என்கிற ஆட்டோ வண்டிகள் ஒன்றையொன்று துரத்துமே, பாங்காக்கில் பாதியில் நிற்கிற மேம்பாலத்தின் மேல் வரிசையாக ஏறிவந்து முட்டி மோதி உருண்டு விழுமே, அந்தக் காட்சியில் ஒரு தூணைக் கடக்கும்போது படத்தை நிறுத்திப் பாருங்கள். பிரெஞ்சு இயக்குநர் லுக் பெஸானுக்கு, உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கும். அதற்கு முன்னால் வருகிற சந்துத் துரத்தலில் ஒரு கடைக் கதவில் ஸ்பீல்பெர்க்குக்கும் அழைப்பு உண்டு, வாங்க சேர்ந்து படம் பண்ணலாம் என்று, அதுவும் அவர் பெயரைத் தப்பாக எழுதி. இயக்குநர் ப்ராச்யா பின்கேவ் குழுவின் வேலை இது. 2003 ஜனவரியில் தாய்லாந்தில் படம் வெளியானது. ஸ்பீல்பெர்க் வரவில்லை, பெஸான் வந்தார். அவருடைய யூரோப்பாகார்ப் நிறுவனம் வெளிநாட்டு உரிமையை வாங்கியது, படத்தை மறுபடி வெட்டியது, பின்னணி இசையைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டது. அமெரிக்கா உட்பட மேற்கில் பெரும்பாலானவர்கள் பார்த்த ஓங்-பாக் அதுதான்.

நானும் முதலில் பார்த்தது அந்த வெட்டைத்தான். தாய்லாந்துக்காரர்கள் தியேட்டரில் பார்த்த படத்தைப் பார்த்தது பிறகுதான். இரண்டையும் பார்த்ததிலிருந்து இதைப் பற்றி எழுதவேண்டும் என்றிருந்தது, ஏனென்றால் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நாயகன் டோனி ஜாவின் முழங்கால், முழங்கை, பாய்ச்சல் என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாய்ச்சலைப் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த உடம்பு ஒரு ஊரிலிருந்து வந்தது. அந்த ஊர் படத்துக்குள்ளேயே இருக்கிறது. உலகத்துக்கு விற்கும்போது முதலில் கத்தி வைத்தது அந்தப் பக்கத்தில்தான்.

கதை ரொம்ப எளிமை. தாய்லாந்தின் வடகிழக்கு, ஈசான் என்பார்கள், வறண்ட பூமி, பிழைப்புக்காக பாங்காக் போகிறவர்களின் பூமி. அங்கே நோங் பிராடு என்று ஒரு கற்பனைக் கிராமம். கோயிலில் இருக்கும் ஓங்-பாக் என்கிற புத்தர் சிலைதான் ஊருக்குக் காவல். டான் என்கிறவன் பாங்காக்கிலிருந்து வந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சிலையின் தலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. கோயிலிலேயே வளர்ந்த டிங் என்கிற இளைஞன் (டோனி ஜா), நான் போய் மீட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்புகிறான். ஊர் ஜனங்கள் கையிலிருந்த சில்லறையையும் நகைநட்டையும் வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவனுக்கு முவாய் போரான் என்கிற பழைய தாய்லாந்துத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த பிக்கு, இதை யார்மேலும் பயன்படுத்தமாட்டேன் என்று ஏற்கனவே அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இதைப் படிக்கிற தமிழருக்கு சிலைத் திருட்டைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-இல் திரும்பி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தாய்லாந்துக்கும் இது வெறும் கதையில்லை. புரிராம் மாகாணத்தில் பனோம் ருங் என்று கெமர் காலத்து மலைக்கோயில் ஒன்று இருக்கிறது. அதன் வாசலுக்கு மேலிருந்த, பள்ளிகொண்ட விஷ்ணுவைச் செதுக்கிய கல் உத்தரம் 1960-களில் காணாமல் போய், கடைசியில் சிகாகோ கலை நிறுவனத்தில் இருப்பது தெரியவந்தது. ஜனங்கள் போராடினார்கள், கராபாவ் என்கிற புகழ்பெற்ற ராக் குழு அதைப் பற்றிப் பாட்டே போட்டது. 1988-இல்தான் கல் ஊர் திரும்பியது. டோனி ஜா பிறந்த சுரின் மாகாணம் அந்த புரிராமுக்குப் பக்கத்தில்தான். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெளியாட்கள் வந்து சாமியைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நன்றாகவே தெரியும். படத்தின் வில்லன் கொம்துவான், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையில் கருவி வைத்துப் பேசுகிறவன், சிலைகளை அறுத்து விற்பதைத் தொழிலாகச் செய்பவன். அவனை வேறு ஏதோ கடத்தல்காரனாகக் காட்டியிருந்தாலும் சண்டைகள் இதே சண்டைகளாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அடி இப்படி விழுந்திருக்காது.

சுரின் என்றால் யானை. கூய் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக யானை பிடித்துப் பழக்குகிறவர்கள். ஜாவின் குடும்பமும் யானை வளர்த்த குடும்பம். கோயில் திருவிழாவில் திரை கட்டிக் காட்டிய புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்களைப் பார்த்துவிட்டு, வயலிலும் யானை முதுகிலிருந்து குதித்தும் அவர் பழகியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாய்லாந்தில் அவரை ஜா பனோம் என்றுதான் கூப்பிடுவார்கள், டோனி என்பது ஏற்றுமதிக்கு வைத்த பெயர்.

அவரை உருவாக்கியவர் பன்னா ரிட்டிக்ராய். இவரைப் பற்றி இன்னும் நிறையப் பேர் எழுதவேண்டும். கோன் கேனைச் சேர்ந்தவர், அதுவும் ஈசான்தான். 1980-களிலிருந்து கையில் காசில்லாமல் அடிதடிப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். பாங்காக்கின் பெரிய தியேட்டர்களுக்கு அவை வந்ததே கிடையாது, கிராமத்து மைதானங்களில் திறந்தவெளியில் ஓடும். அப்படி அவர் எடுத்த ஒரு படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டுத்தான் ஜா, இவரிடம்தான் கற்பேன் என்று பிடிவாதம் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். பன்னாவின் குழு என்பது ஸ்டண்ட் பள்ளிக்கூடம் மாதிரி. சமைப்பது, சாமான் தூக்குவது, விழுவது, எரிவது எல்லாமே பாடம். ஜாவை மகா சரகாமில் இருந்த உடற்கல்விக் கல்லூரியில் சேரச் சொன்னதும் அவர்தான். பிறகு வருஷக்கணக்கில் டூப் வேலை. மோர்ட்டல் காம்பாட் என்கிற ஹாலிவுட் படத்தின் இரண்டாம் பாகத்தில் நாயகன் ராபின் ஷூவுக்கு டூப் போட்டவர் ஜா, அதன் ஒரு பகுதியை தாய்லாந்தில் எடுத்தார்கள். ஒரு விளம்பரத்தில் ஹாங்காங் நடிகர் சாமோ ஹங்குக்கு டூப்பாக யானையின் தந்தத்தைப் பிடித்து ஒரு குட்டிக்கரணம் போட்டு அதன் முதுகில் ஏறி நின்றிருக்கிறார்.

அந்த நேரத்தில் சினிமா உலகம் எங்கே இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். மேட்ரிக்ஸும் கிரவுச்சிங் டைகரும் வந்து ரோப் கட்டிப் பறக்கிற சண்டையை உலகம் முழுக்கப் பரப்பியிருந்தன. ஹாங்காங் படவுலகம் 1990-களின் கடைசியில் தளர்ந்துபோய், அதன் சண்டைக் கலைஞர்கள் பாதிப் பேர் ஹாலிவுட்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பன்னாவும் ஜாவும் தங்களால் என்ன முடியும் என்று படம்பிடித்து எடுத்துப்போய் ப்ராச்யாவிடம் காட்டினார்கள். சஹமொங்கோல் நிறுவனம் பணம் போட்டது. டூப் இல்லை, ரோப் இல்லை, கணினி வித்தை இல்லை என்பதுதான் விளம்பரமே.

சந்துத் துரத்தலை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். டிங்குக்கு அங்கே யாரையும் அடிக்கிற எண்ணமே கிடையாது, ஓடுகிறான் அவ்வளவுதான். முள்கம்பிச் சுருளின் நடுவில் உடம்பைச் சுருட்டிப் பாய்கிறான், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும் கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கிற ஆள் நுழையாத சந்தில் பக்கவாட்டில் பறக்கிறான், ஓடும் வண்டிக்கு அடியில் இரண்டு காலையும் அகட்டித் தரையோடு தரையாகச் சறுக்கி அந்தப் பக்கம் எழுந்து ஓடுகிறான், கூட்டம் வழியை அடைத்தால் ஆட்களின் தோள்மேல் கால் வைத்து ஓடுகிறான். ஒவ்வொன்றையும் ஒருமுறை காட்டிவிட்டு, வேறு கோணத்தில் ஸ்லோமோஷனில் மறுபடி காட்டுகிறார்கள். ஜாக்கி சான் படங்களில் பழகிய வழக்கம்தான், கதையின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நம்பமுடியாத ஒன்றை நிஜமாகவே செய்துவிட்டு, பார்த்தீர்களா, வேண்டுமானால் இந்தப் பக்கம் நின்று இன்னொரு தடவை பாருங்கள் என்று கையைப் பிடித்துக் காட்டுகிற உற்சாகம் அதில் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் வித்தை காட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அப்புறம் பெட்ரோல் பற்றிய கால்களோடு எகிறி எதிராளியை உதைக்கிற காட்சி. அந்த நெருப்பும் நிஜ நெருப்புதான்.

ஆனால் படத்தில் எனக்கு முக்கியமான சண்டைகள் வேறு. முதலாவது ஒரே ஒரு அடி. டிங் பாங்காக் வந்ததும் ஹம்லே என்கிறவனைத் தேடிப் போகிறான். அதே ஊர்க்காரன், ஆனால் தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு தன்னை ஜார்ஜ் என்று சொல்லிக்கொள்கிறவன், ஊர்ப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்குகிறவன், சின்னச் சின்ன மோசடிகளில் பிழைப்பு நடத்துகிறவன். நடித்தவர் பெட்ச்தாய் வோங்கம்லாவ், மும் ஜோக்மோக் என்றால் தாய்லாந்தில் தெரியாதவர்கள் இல்லை, அவரும் ஈசான்காரர்தான், பெரிய நகைச்சுவை நடிகர். ஹம்லே ஊர் ஜனங்கள் கொடுத்த பணத்தைத் திருடிக்கொண்டு போய் காவ் சான் ரோடு பக்கம் ஒரு பாரில் நடக்கும் சண்டைப் பந்தயத்தில் கட்டிவிடுகிறான். பணத்தை மீட்க உள்ளே போன டிங், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வளையத்துக்குள் நின்றுவிடுகிறான். எதிரே அன்றைக்கு ஜெயித்துக்கொண்டிருந்தவன் பாய்ந்து வருகிறான். ஒரு முழங்கால். ஆள் விழுந்துவிடுகிறான். கூட்டம் வாயடைத்து நிற்கும்போது டிங் கண்டுகொள்ளாமல் தன் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடக்கிறான். அந்த இடத்தில் அவன் முகத்தில் ஜெயித்த பெருமையோ கோபமோ இல்லை, ஊர்க்காசு என்கிற கவலை மட்டும்தான். அந்தக் காசை யார் யார் கொடுத்தார்கள் என்று முன்னால் பார்த்திருந்தால்தான் அந்த முழங்காலின் கனம் தெரியும்.

இரண்டாவது, அவன் அடிக்காமலேயே தோற்கிற சண்டை. வில்லனின் ஆள் சமிங், பர்மாக்காரன், உடம்பில் ஊசி ஏற்றிக்கொண்டு சண்டைக்கு வருகிறவன். ஓங்-பாக்கின் தலை வேண்டுமென்றால் சமிங்கிடம் தோற்கவேண்டும் என்பது கொம்துவான் போட்ட நிபந்தனை. அதனால் அதுவரை படத்தில் யாராலும் தொடமுடியாதவன் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிறான். வாங்கிக்கொண்டே இருக்கிறான். தற்காப்புக் கலைப் படங்களில் நாயகன் அடி வாங்குவது புதிதில்லை, பொதுவாக அது அடுத்து வரப்போகிற பழிவாங்கலுக்கான கடன்கணக்கு. இங்கே அவன் அந்தத் தோல்வியை மனதார ஏற்றுக்கொண்டு நிற்கிறான், சிலை திரும்பக் கிடைத்தால் போதும், மானம் போனால் போகட்டும் என்று. கடைசியில் தலை கிடைப்பதில்லை, அது வேறு. ஆனால் அந்தச் சில நிமிஷங்கள் ஒரு பக்தனைக் காட்டுகின்றன.

படத்தில் குறைகளும் உண்டு. வெளிநாட்டுக்காரன் என்றால் வாய்க்கொழுப்புப் பிடித்தவன், பர்மாக்காரன் என்றால் கொடியவன் என்கிற பழைய வன்மம் படத்தில் தாராளமாக இருக்கிறது. பழைய தலைநகர் அயுத்தயா பர்மியர்களிடம் விழுந்த காலத்தில் பர்மிய அரசன் முன் அடுக்கடுக்காகப் பலரை வீழ்த்தினான் என்று சொல்லப்படும் நாய் கனோம் தோம் கதையைப் பள்ளியிலேயே படித்து வளர்கிற தேசம் அது. அதிலிருந்து இது வருகிறது என்று புரிகிறது, ஆனாலும் உறுத்துகிறது. முவாய் லெக் என்கிற பெண் பாத்திரத்துக்குக் கத்துவதைத் தவிர பெரிதாக வேலை இல்லை. அவளுக்கு ங்கெக் என்று ஒரு அக்கா. டானின் பிடியில், போதையில் சிக்கிச் சீரழிகிறவள். அந்த அக்கா தங்கை கதைதான் பாங்காக் ஊர்ப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை டிங்கைத் தாண்டிக் காட்டுகிற ஒரே இழை.

பெஸானின் வெட்டில் பெருமளவு போனது அந்த இழைதான்.

ஏன் போனது என்று யோசிப்பது கஷ்டமில்லை. சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் இழுக்கிறது, மேற்கத்திய இளைஞன் கொட்டாவி விடுவான், வெட்டு. டிங்குக்கும் சமிங்குக்கும் நடக்கிற இறுதிச் சண்டையையும் கொஞ்சம் குறைத்தார்கள், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, சண்டைக்காகத்தானே வாங்கினீர்கள். தாய்லாந்துப் பதிப்பின் ராக் இசையை எடுத்துவிட்டு ஹிப்-ஹாப் தாளம் போட்டார்கள். பிரான்ஸின் நகர்ப்புறத்து இளைஞர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பெஸானுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தை வைத்துத்தான் அவர் தயாரித்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வியாபாரமாகப் பார்த்தால் சரியான கணக்கு. அந்த இசையோடு சந்துத் துரத்தலைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தத் தாளம் வந்தவுடன் டிங் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம் என்று ஆகிவிடுகிறது. பிரிட்டனில் வந்த பதிப்பு இன்னொரு வழி, தாய்லாந்து வெட்டை அப்படியே வைத்துக்கொண்டு இசையை மட்டும் ஆர்கெஸ்ட்ரா பாணியில் மாற்றியது. ஆக ஒரே படத்துக்கு மூன்று வேறு வேறு பின்னணி இசை. அமெரிக்காவில் மேக்னோலியா நிறுவனம் 2005 பிப்ரவரியில், பின்னால் தாய்லாந்து வீரன் என்று வால் சேர்த்து வெளியிட்டது. சுமார் 45 லட்சம் டாலர் வசூல். சப்டைட்டிலோடு வந்த, யாருக்கும் பெயர் தெரியாத நடிகரின் படத்துக்கு அது நல்ல தொகை.

இதில் ஓங்-பாக் தனிக்கதை இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம். 1997 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு தாய்லாந்து சினிமா எழுந்து நின்றபோது, வெளியே போன வேறு சில படங்களுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. டியர்ஸ் ஆஃப் த பிளாக் டைகர் என்று ஒரு படம், 2000-ஆம் ஆண்டு, கண்ணைப் பறிக்கிற நிறங்களில் எடுத்த கௌபாய்க் காதல் கதை, கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பிடித்த முதல் தாய்லாந்துப் படம். மிராமாக்ஸ் என்கிற அமெரிக்க நிறுவனம் வாங்கியது, முடிவை மாற்றியது, பிறகு வெளியிடாமலே வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தது. 2007-இல் மேக்னோலியா எடுத்து வெளியிட்டபோதுதான் அமெரிக்காவில் ஜனங்கள் அதைத் தியேட்டரில் பார்த்தார்கள். 2001-இல் வந்த சுரியோதாய் அரசகுலத்து இயக்குநர் எடுத்த மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் வரலாற்றுப் படம், அதை அமெரிக்காவுக்காகச் சுருக்கியவர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. வாங்குகிறவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. இவர்களுக்கு இது புரியாது, எடுத்துவிடு என்று பார்வையாளர் சார்பாக அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

அடுத்த படத்தில் கத்தி இன்னும் ஆழமாக இறங்கியது. டாம் யம் கூங், 2005. அதே ப்ராச்யா, அதே பன்னா, அதே ஜா. இந்தமுறை திருடுபோவது சிலை இல்லை, யானைகள். காம் என்கிற இளைஞன் தன் அப்பாவோடு வளர்த்த பெரிய யானையும் அதன் குட்டியும் சிட்னிக்குக் கடத்தப்படுகின்றன, அவன் தேடிக்கொண்டு போகிறான். யானையைத் தேடி ஒருத்தன் கண்டம் தாண்டிப் போய் ஆட்களின் எலும்பை முறிக்கிறான் என்பதைக் கேட்டு வெளியே நிறையப் பேர் சிரித்தார்கள். சுரினில் யாரும் சிரிக்கமாட்டார்கள். 1989-இல் தாய்லாந்து அரசு காட்டு மரம் வெட்டுவதைத் தடை செய்தது, நல்ல காரியம்தான், ஆனால் மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அதன் பிறகு பாங்காக்கின் தார்ச்சாலைகளில் யானையைக் கூட்டிக்கொண்டு வந்து பாகன்கள் கரும்பும் வாழைப்பழமும் விற்றுப் பிச்சை எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து அலைகிற யானையை அந்த நாட்டுக்காரர்கள் தினமும் தெருவில் பார்த்தார்கள். அந்தப் படத்தில் ஜா எழுப்புகிற குரல், என் யானை எங்கே என்று திரும்பத் திரும்பக் கத்துவது, அங்கிருந்து வருகிறது.

அந்தப் படத்தை வைன்ஸ்டீன் நிறுவனம் வாங்கி, இயக்குநர் டரான்டினோ பெயரை முகப்பில் போட்டு, த ப்ரொடெக்டர் என்று பெயர் மாற்றி 2006 செப்டம்பரில் அமெரிக்காவில் இறக்கியது. 110 நிமிஷப் படம் 84 நிமிஷமாக ஆகியிருந்தது. இசை ஹிப்-ஹாப் கலைஞர் ஆர்.இசட்.ஏ. பிரிட்டனில் அதற்கு வாரியர் கிங் என்று பெயர், ஜெர்மனியில் வேறொரு பெயர், பிரான்ஸில் டிராகனின் மானம் என்கிற மாதிரி ஒரு பெயர். படத்தில் டிராகனே கிடையாது. வெட்டியதில் முக்கியமாகப் போனவை யானையும் ஊரும் வருகிற பகுதிகளும், மேடம் ரோஸ் பாத்திரத்தின் பின்னணியும். ஜின் சிங் என்கிற சீன நடனக் கலைஞர் நடித்த பாத்திரம் அது. அவர் திருநங்கை, பாத்திரமும் அப்படித்தான், குடும்பத் தொழிலில் தன்னை ஒதுக்குகிறவர்களோடு அவள் போடும் சண்டைக்கு அதுதான் காரணம். அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சாயலே துடைக்கப்பட்டு, அவள் வெறும் சாட்டை சுழற்றுகிற வில்லியாக நிற்கிறாள்.

வசூலில் அதற்குப் பலன் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். முதல் வாரக் கடைசியில் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் டாலர். ஓங்-பாக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, வெட்டினால் ஓடும் என்று சொல்கிறவர்கள் கையில் ஒரு எண் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் எல்லாரும் இன்றுவரை பேசுகிற காட்சி எது? உணவு விடுதியின் வளைந்து ஏறும் படிகளில் கீழிருந்து மேல்மாடி வரை ஜா அடித்துக்கொண்டே போக, ஸ்டெடிகேம் என்கிற ஆடாத கேமரா பின்னாலேயே ஏறிப்போகும் ஏறக்குறைய நான்கு நிமிஷ சிங்கிள் ஷாட். வெட்டே இல்லாத காட்சி. எதையும் குறைக்காமல், தள்ளாமல், ஆள் மூச்சு வாங்குவதும் கால் தளர்வதும் தெரியத் தெரியக் காட்டியதால்தான் அது நிற்கிறது. கடைசி மாடிக்கு வரும்போது அவர் அடிகள் மெதுவாகிவிடுகின்றன, அது நடிப்பு இல்லை. அந்த ஷாட்டை யாரும் சுருக்கத் துணியவில்லை. மிச்சப் படத்தின் மூச்சையும் அதே மரியாதையோடு விட்டிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓங்-பாக் 2 படத்தை ஜாவே இயக்க ஆரம்பித்து, பாதியில் படப்பிடிப்பிலிருந்து காணாமல் போய், பன்னா வந்து கைகொடுத்து முடித்து 2008-இல் வந்தது. முதல் படத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிரச் சம்பந்தம் ரொம்பக் கொஞ்சம், பல நூற்றாண்டுகள் பின்னால் போய்விட்ட கதை. 2010-இல் மூன்றாம் பாகம், அந்த வருஷமே ஜா பிக்குவாகத் துறவறம் பூண்டார், பிறகு திரும்பி வந்தார், தயாரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தச் சண்டை, ஃபியூரியஸ் 7, ஹாங்காங் படங்கள். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நாயகனிடம் ஐந்து நிமிஷம் மோதுகிற வேடங்கள். ப்ராச்யாவும் பன்னாவும் 2008-இல் ஜீஜா யானின் என்கிற பெண்ணை வைத்துச் சாக்லேட் என்று ஒரு படம் கொடுத்தார்கள், அதைத் தவறவிடாதீர்கள். 2014 ஜூலையில் பன்னா 53 வயதில் இறந்துபோனார். அவர் பட்டறையில் விழுந்து எழுந்து கற்ற ஆட்கள் தாய்லாந்து ஸ்டண்ட் உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஜா மட்டும்தான் வெளியே தெரிந்த முகம்.

ஓங்-பாக்கின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். குகைக்குள் கொம்துவானின் ஆட்கள் ஒரு மாபெரும் புத்தர் சிலையின் தலையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னத் தலையாவது யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று கொம்துவான் சம்மட்டியால் ஓங்-பாக்கை உடைக்கப் போகும்போது ஹம்லே அதன்மேல் விழுந்து படுத்துக்கொள்கிறான். சம்மட்டி அடி அவன் முதுகில் இறங்குகிறது. ஊர் வேண்டாம், சாமி வேண்டாம், நான் ஜார்ஜ் என்று திரிந்தவன். மேலிருந்து பெரிய தலை விழுந்து வில்லன் நசுங்கிச் சாகிறான், ஹம்லேவும் பிழைப்பதில்லை. இறுதி மூச்சில் ஓங்-பாக்கை டிங் கையில் கொடுத்துவிட்டு, முவாய் லெக் படித்து முடிக்கும்வரை பார்த்துக்கொள் என்கிறான். ஒரு அடிகூட ஒழுங்காகப் போடத் தெரியாத ஆள்தான் அந்தப் படத்தில் சிலையைக் காப்பாற்றுகிறான். டிங்கின் திறமை எல்லாம் அவனை அந்தக் குகை வரை கொண்டுவரத்தான் உதவியது. படத்துக்குப் பின்னால் இருக்கிற ஊரைச் சுருக்கிவிட்டால் இந்த மரணம் ஏதோ ஒரு துணைப் பாத்திரத்தின் சாவாகக் கடந்துபோகும். தாய்லாந்து வெட்டை முதல்முறை பார்த்தபோது இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, மற்ற வெட்டில் அப்படி ஆகவில்லை.

இப்போது பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஓங்-பாக் என்றால் அக்கா ங்கெக் எவ்வளவு நேரம் வருகிறாள் என்று கவனியுங்கள், அவள் வந்த சுவடே தெரியாமல் போனால் உங்கள் கையில் இருப்பது பெஸானின் பதிப்பு. டாம் யம் கூங் இன்னும் சுலபம், ஓடும் நேரத்தைப் பாருங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அது அமெரிக்க வெட்டு, 110 நிமிஷத்துப் பதிப்பைத் தேடி எடுங்கள். எந்தப் பதிப்பானாலும் ஆங்கில டப்பிங்கைத் தொடவேண்டாம். மும் ஜோக்மோக்கின் ஈசான் இழுவையை சப்டைட்டில் பாதிதான் கொண்டுவரும், ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பார்ப்பது வேறு படம்.